கண்டல் காடும் தோணிக்காரரின் பங்கும்

 

பொதுநன்மைக்காக ஒதுக்கிக் காக்கப்படும் நிலத்துக்கு அரபியில் 'ஹிமா' என்று பெயர். மதீனாவை அடுத்த நகீஃ என்னும் இடத்தை நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அவ்வாறு ஒதுக்கினார்கள். கலீபா உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் காலத்தில் ரபதாவும் ஹிமாவாயிற்று. அத்தகைய நிலமொன்றுக்கு ஹுனை என்னும் தமது ஊழியரைக் காவலராக நியமித்தபோது கலீபா அவர்கள் இட்ட கட்டளை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விடும்படியும், உஸ்மான், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் ஆகிய செல்வந்தரின் மந்தைகளைத் தடுக்கும்படியும் கூறினார்கள். தடுக்கப்பட்டவர்கள் யாரென்று பாருங்கள். சுவர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட ஸஹாபிகள்! ஆயினும் அவர்களின் கால்நடை மடிந்தால் பேரீச்சந் தோட்டமும் வயலும் மிஞ்சும். ஏழையின் மந்தை மடிந்தாலோ அவன் பிள்ளைகளோடு கலீபாவின் வாசலுக்குத்தான் வரவேண்டும்.

நேயர்களே! இன்று 'சூழல்சார் சுற்றுலா' என்று ஒன்று பேசப்படுகிறது. 2002ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை அதற்குரிய சர்வதேச ஆண்டாகவே பிரகடனப்படுத்தியது. காண வருபவரால் இயற்கை கெடக்கூடாது. அவர் தரும் பணத்தால் அவ்விடத்து மக்கள் பயனடைய வேண்டும். இவ்விரண்டும் இருந்தாற்றான் அதற்கு அப்பெயர் தகும். முதலாவதைச் சொல்வோர் அநேகர். இரண்டாவதை நினைவூட்டவே ஹிமாவின் செய்தியை எடுத்துக் கொண்டேன்.

நமது மாவட்டத்தின் பொத்துவில் களப்பை எடுத்துக் கொள்வோம். அங்கே மீனவர்கள் தமது தோணியில் வெளிநாட்டாரை ஏற்றி, கம்பு ஊன்றி, இரண்டு மணி நேரம் கண்டல் மரங்களின் ஊடே அழைத்துச் செல்கின்றனர். இயந்திரச் சத்தம் இல்லை. கொக்கும் நீர்க்காகமும் முதலையும் தென்படும். சில மாலைகளில் கரைக்கு யானையும் வரும். முதலை படுக்கும் இடத்தை அந்தத் தோணிக்காரர் எந்த நூலிலும் படித்தவரல்லர்; அவர் வலை வீசும் இடம் அது. கண்டல் வேர்களிடையேதான் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. அக்காட்டை வெட்டினால் வலையும் வெறுமையாகும், விருந்தினரும் வரார். பிடித்த மீனை ஒரு தடவைதான் விற்கலாம். நிற்கும் கண்டலை நாளையும் காட்டலாம். ஆயினும் மிகைப்படுத்த வேண்டாம்: அறுகம்பைக்கு அலைச்சறுக்குக்காரர் திரள்வது ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரைதான். வாடைக் காலத்தில் அவருக்கு வலையே கதி. இது தொழிலுக்குத் துணை, மாற்று அன்று.

நமது ஊர்களில் சுற்றுலா என்றதும் மதுவும் ஆடைக் குறைவும் நினைவுக்கு வருகின்றன. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் விடியற்காலையில் பறவை பார்க்கத் தோணியேறுபவர் வேறு வகை விருந்தாளி. ஊரின் ஒழுங்கை அவருக்குச் சொல்லும் உரிமை, தோணி ஊரவர் கையில் இருக்கும்வரைதான் நமக்கு உண்டு.

அது கையை விட்டுப் போகும் என்ற அச்சம் வீணன்று. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை விதிக்கப்பட்டது. கடற்கரையில் வாழ்ந்த மீனவருக்கு அந்தத் தடை, ஹோட்டல்களுக்கோ விலக்கு! 2005இல் அறுகம்பைக்கென ஒரு பெரும் சுற்றுலாத் திட்டமும் வரையப்பட, தம் கரை பறிபோகும் என்று மீனவர் எதிர்த்தனர். பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது. ஹுனைக்கு இட்ட கட்டளையைத் தலைகீழாக்கினால் எப்படியிருக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

இன்னும் தெற்கே குமண இருக்கிறது. யுத்தத்தால் 1985இல் மூடப்பட்டு 2003இல் மீளத் திறக்கப்பட்ட வனம் அது. 2010இல் அதன் ஈரநிலங்கள் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தன. அங்கு கூடு கட்டும் நாரைகளையும் கூழைக்கடாக்களையும் காணப் போகும் வாகனங்களும் பொத்துவில், பாணமை ஊர்களுக்கு வருவாய் தருகின்றன.

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில், அண்டிய ஒன்பது ஊர்களின் குப்பை கொட்டப்பட்டு வந்தது. அங்கு எட்டு ஆண்டுகளில் இருபதளவு யானைகள் பிளாஸ்டிக் கழிவை உண்டு மாண்டன என்று 2022 ஜனவரியில் செய்தி வெளியாயிற்று. யானை புகாதபடி அமைத்த மின்வேலி 2014இல் இடிமின்னலால் பழுதுபட்டது, அச்செய்தி வெளியாகும்வரை திருத்தப்படவேயில்லை. இறந்த யானைகளின் வயிற்றைக் கீறிப் பார்த்தபோது பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும் கிடந்தன; யானை வழக்கமாக உண்ணும் உணவு காணப்படவில்லை. எந்த யானையைக் காண உலகம் பணம் செலவழித்து நமது மாவட்டத்துக்கு வருகிறதோ, அந்த யானை!

ஒட்டகத்தைப் பட்டினி போட்டு வேலை வாங்கிய அன்ஸாரித் தோழரை நபியவர்கள் கண்டித்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். குப்பைமேட்டு யானைக்கு நம்மில் எவரும் உரிமையாளர் அல்லரே என்று சொல்லித் தப்பலாமா? அந்தப் பை யாருடையது? மிஞ்சிய சோற்றையும் மரக்கறித் தோலையும் ஒரே பையில் முடிந்து வீசுகிறோம். சோற்று மணத்துக்கு யானை வருகிறது. முடிச்சை அவிழ்க்க அதற்குத் தெரியாது, பையோடு விழுங்குகிறது. ஆகவே, உணவுக் கழிவை வேறாகவும் பொலித்தீனை வேறாகவும் தாருங்கள் என்று குப்பை எடுக்க வருபவர் கேட்டால், அவரோடு தர்க்கிக்காமல் இரண்டு வாளிகளை வாசலில் வையுங்கள். வேலியைத் திருத்துவது சபைகளின் கடமை. அதை, வாக்குக் கேட்டு வருவோரிடம் ஒவ்வொரு தடவையும் கேட்போம்.