குதிரையை விட்டு இறங்கிய வீரன்

மொன்றியல் நகரின் நடுவே, டோர்செஸ்டர் சதுக்கத்தில், ஒரு வெண்கலக் குதிரை மிரண்டு திமிறுகிறது. அதன் முதுகில் ஆளில்லை. வீரன் தரையில் நின்று கடிவாளத்தை இறுகப் பிடித்திருக்கிறான். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் பிரித்தானியருக்கும் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் இடையே நடந்த போயர் போருக்குப் போன கனடியர் நினைவாக ஜோர்ஜ் வில்லியம் ஹில் வடித்த இந்தச் சின்னம், 1907 மே 24 அன்று திறக்கப்பட்டது. குதிரைவீரர் சிலை என்றால் நம்மில் பலருக்குச் சென்னைத் தீவுத்திடல் அருகே 1839இல் வைத்த தாமஸ் மன்றோவின் சிலைதான் நினைவுக்கு வரும். சேணமோ அங்கவடியோ இல்லாத குதிரைமேல் அலட்டிக்கொள்ளாமல் அமர்ந்திருக்கும் ஆளுநர் அவர். அங்கே குதிரை ஒரு சிம்மாசனம், அவ்வளவுதான். ஹில் அந்த ஆசனத்தைக் காலியாக விட்டார். ஆளும் விலங்கும் ஒரே தரையில் நிற்பதால், நம் கண் பதவியைத் தேடாமல் அவர்கள் படும் பாட்டைப் பார்க்கிறது. தளபதி அல்லாத ஒரு படையாளுக்கு இத்தனை பெரிய குதிரைச் சிலை வைத்தது துணிச்சல் என்றே சொல்வேன்.

சிற்பம் இருக்கட்டும், போர் நியாயமானதா என்று கேட்பீர்கள். நியாயமானதல்ல. பிரித்தானியரின் தடுப்பு முகாம்களில் போயர் பெண்களும் பிள்ளைகளுமாகச் சுமார் 26,000 பேர் மாண்டார்கள். கறுப்பின மக்களுக்கென அமைத்த முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மொன்றியலும் அன்று ஒருமனதாக இல்லை. கனடிய அரசு நாடாளுமன்றத்தைக் கேளாமல் படை அனுப்பியதை எதிர்த்து, நாடாளுமன்ற உறுப்பினர் ஆன்றி பூராசா 1899இல் தன் ஆசனத்தைத் துறந்தார். 1900 மார்ச்சில் போயர் முற்றுகையிலிருந்து லேடிஸ்மித் நகரம் மீட்கப்பட்டதைக் கொண்டாடக் கிளம்பிய மெக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் பிரெஞ்சுப் பத்திரிகை அலுவலகங்களைத் தாக்க, தெருக்களில் கலவரமே மூண்டது. இத்தனைக்கும் பிறகு எழுந்த சின்னம் இது. எளிய சிப்பாயை முன்னிறுத்திப் பேரரசின் பழியை மறைக்கிறது, அகற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னால், அதில் பாதி உண்மை. ஆனால் மறைப்பு முழுமையாகவில்லை. தன் செலவில் குதிரைப்படை திரட்டிக் கொடுத்த ஸ்ட்ராத்கோனா பிரபுவின் முகம் பீடத்திலேயே பதிந்திருக்கிறது. போருக்குப் பணம் போட்டவர் யார் என்பதைச் சிலையே காட்டிக்கொடுக்கிறது. அகற்றினால் அந்தச் சாட்சியும் போய்விடும். மேலும், போரிட்டவனும் போரை ஏவியவனும் ஒன்றல்ல. அதே போரில் காந்தி திரட்டிய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 இந்தியர் காயப்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள். அந்த உழைப்பை மதிப்பதால் நாம் பேரரசை மதித்தவர்கள் ஆகிவிடமாட்டோம்.

சதுக்கம் பீல் மெட்ரோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. போனால் குதிரையை மட்டும் படமெடுத்துத் திரும்பாதீர்கள். பீடத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.