கடற்கரையின் வரவு செலவு



கடற்கரை மணல் என்றும் ஓரிடத்திலேயே கிடப்பது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது ஓயாது நடந்துகொண்டிருக்கிறது.

அலை சாய்வாக வந்து கரையில் ஏறும்போது மணலையும் சாய்வாகவே ஏற்றிச் செல்கிறது. இறங்கும்போதோ நேராக இழுத்து வருகிறது. உடைந்த அலைகள் கரையோரமாக ஒரு நீரோட்டத்தையும் எழுப்புகின்றன. கலங்கிய மணலை அவ்வோட்டம் சுமந்து செல்கிறது. சோழமண்டலக் கரையில் இம்மணல் ஆண்டின் பெரும்பகுதியில் வடக்கேயும், வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் தெற்கேயும் செல்லும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நடையே.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணலின் வழி அடைபட்டது. தெற்கே மணல் தேங்கி, இன்று நாம் உலவும் மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கத்தில் வரவு நின்றது. அலையோ செலவை நிறுத்தவில்லை. கரை தேய்ந்தது, மீனவர் தம் படகை இழுத்து வைக்கவும், வலையை உலர்த்தவும் இருந்த மணலை இழந்தனர்.

இதனை முன்கூட்டியே கணக்கிட இயலுமா? இயலும். 1956இல் பெல்னார்-கோன்சிதேர் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் கரை முழுவதையும் ஒரு கோடாகக் கொண்டார். ஓரிடத்திற்கு வரும் மணல், அங்கிருந்து போகும் மணலினும் மிகுந்தால் கோடு கடலை நோக்கி முன்னேறும். குறைந்தால் நிலத்தை நோக்கிப் பின்வாங்கும். கம்பியில் சூடு பரவுவதற்கான கணிதமே இதற்கும் பொருந்தும் என்று அவர் காட்டினார். இன்றைய கணினிகள் அலையின் உயரம், திசை, மணற்பருமன், கடலடியின் ஆழம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகின்றன. ஆயினும், அளந்து கொடுத்த அளவுகள் பிழைபட்டால் விடையும் பிழைபடும். ஆகவே, ஆண்டுக்கணக்கில் கடலை அளப்பதே முதல் வேலை.

இக்கணக்கை அறிந்த காலத்திலும் புதுச்சேரியில் அதே கதை நிகழ்ந்தது. 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பின், வடக்கேயுள்ள நகரக் கரையில் மணல் மறைந்து கற்குவியலே எஞ்சியது. 2018இல் கடலடித் தடுப்பு ஒன்றை அமைத்த பிறகே ஒரு பகுதியில் மணல் மீண்டும் படிந்தது.

துறைமுகம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. முதற்கல்லை இடுமுன் கணக்கை முடிக்கவேண்டும். அதன் விடையைச் சுவருக்கு வடக்கே வாழும் குப்பத்தாருக்கும் எடுத்துச் சொல்லவேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஓரிடத்தில் சேரும் மணல் மற்றோரிடத்தில் குறையும் மணலே அன்றோ?