குடியும் கோவில் கயிறும்



குடியின் கெடுதியைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டுக் கொண்டீர்கள். குடி கெட்டது என்பதைக் குடிக்கிறவனே நம்மைவிட நன்றாய்ச் சொல்லுவான். அதற்கு ஒரு கூட்டம் வேண்டியதில்லை. ஆகையால், குடியை விடுவதற்கு நம் ஜனங்கள் கைக்கொள்ளும் ஒரு வழியைப் பற்றியே சொல்ல ஆசைப்படுகிறோம். ஏனெனில் அந்த வழியிலும் உயிருக்கு ஆபத்து இருக்கிறது.

அதாவது, கோவிலுக்குப் போய்க் கையில் கயிறு கட்டிக் கொள்வது. கருப்பனுக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கிறவன், அதே கருப்பன் முன் நின்று "இனிக் குடியேன்" என்று சத்தியம் செய்கிறான். சாமியே விடாத குடியை ஆசாமி எப்படி விடுவான் என்று பூசாரியாவது கேட்க வேண்டாமா? கேட்கமாட்டார், கேட்டால் காணிக்கை போய்விடும்.

சிரிப்பு இருக்கட்டும். பல வருஷம் தினமும் நிறையக் குடித்தவனுடைய மூளை, சாராயத்தின் மந்தத்துக்கு ஈடுகொடுத்து வேலை செய்யப் பழகிப் போயிருக்கிறது. அதைத் திடீரென்று நிறுத்தினால் மூளை தறிகெட்டு ஓடும். முதல் நாள் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. அடுத்தாற்போல் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலர், சுவரில் பூச்சி ஊருகிறது, பாம்பு வருகிறது, யாரோ வெட்ட வருகிறார்கள் என்று அலறுவார்கள். வைத்தியம் செய்யாவிட்டால் உயிர் போவதும் உண்டு. டாக்டர்கள் இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டார் வைக்கும் பெயர் "சாமி குற்றம்" அல்லது "பேய்". பெயர் தப்பானதால் போகும் இடமும் தப்பாகி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவனை வேப்பிலை அடிக்கக் கொண்டு போகிறார்கள். இதற்கு மருந்தோ மிகச் சாதாரணமானது. டயஸிபாம் போன்ற மருந்தும், தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும், சில நாள் டாக்டர் கவனிப்புமே போதும்.

இதே அலட்சியம்தான் விஷச் சாராயத்திலும். 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டு பக்கங்களில் 20 பேருக்கு மேலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் குடித்தவர்களில் 60 பேருக்கு மேலும் மாண்டார்கள். உடனே "தலையெழுத்து" என்றார்கள். தலையெழுத்தல்ல, மெத்தனால். அது உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும். இதற்குப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் "போதை தெளிந்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் கிடத்தி வைக்கிறோமே, அதுதான் கொல்லுகிறது. கள்ளச் சாராயக்காரனைத் திட்டும் சர்க்கார் 2003 முதல் தானே சில்லறைக் கடை வைத்தது என்பதையும் இங்கே மறக்க வேண்டாம். அது தனியே பேச வேண்டிய விஷயம்.

தாய்மார்களே! புருஷன் குடியை விடுகிறேன் என்று சொன்னால் முதலில் சர்க்கார் ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எத்தனை வருஷமாக, தினம் எவ்வளவு குடித்தான் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். அவனுக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கச் சொல்லி விற்கும் பொடியை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறதென்று விற்கிறவனே சொல்லமாட்டான். 14446 என்ற டெலிபோன் எண்ணில் செலவில்லாமல் யோசனை கேட்கலாம். கயிறு கட்டித்தான் தீருவேன் என்று அவன் பிடிவாதம் செய்தால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கட்டிக் கொள்ளட்டும். வலிப்போ பிதற்றலோ கண்டால் மட்டும், பொழுது விடியட்டும் என்றிராமல் அந்த ராத்திரியிலேயே 108 வண்டியைக் கூப்பிடுங்கள்.