முள்ளா, பட்டனா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தொழில்நுட்பத்தைப் பற்றி ஏதாவது பேசு என்றார்கள். எனக்குத் தெரிந்த சின்ன விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் டி.ஜே. என்று ஒருவர் பாட்டோடு பாட்டை இணைத்துப் போடுகிறாரே, அந்த வேலைக்கு ரிக்கார்டு சுற்றுகிற டர்ன்டேபிள் உசத்தியா, கம்ப்யூட்டர் உசத்தியா? சிரிக்காதீர்கள். இதில் இன்ஜினீயர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது.

நான் ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பையன். பெசன்ட் நகர் கடற்கரையின் வடகோடியில், அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மீனவர் ஊர். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளில் மைக்செட் இல்லாமல் எங்களுக்குத் திருவிழாவே கிடையாது. அந்தக் காலத்து மைக்செட்காரர் ரிக்கார்டுப் பெட்டியோடு வருவாராம். ஒரு பாட்டு முடிந்தால் முள்ளைத் தூக்கி, தட்டை மாற்றி, மறுபடி முள்ளை வைக்க வேண்டும். பிறகு கேசட், சி.டி., பென் டிரைவ். இப்போது லேப்டாப்.

இரண்டு ரிக்கார்டை நிற்காமல் இணைத்து ஓட்டுகிற வித்தை அமெரிக்காவில் வளர்ந்தது. அதில் முக்கியமான ஒருவர் கூல் ஹெர்க். ஜமைக்காவில் பிறந்தவர். அங்கேயும் நம்மூர் மாதிரியே தெருவில் பெரிய ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிற வழக்கம் உண்டு. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் அவர் பாட்டுப் போட்ட விருந்தைத்தான் ஹிப்-ஹாப் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒரே ரிக்கார்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஜனங்கள் ஆடுகிற அந்தத் தாளப் பகுதியை மட்டும் மாற்றி மாற்றி நீட்டினார்.

அதற்கு நல்ல மோட்டார் வேண்டும். பெல்ட் போட்ட டர்ன்டேபிள் வேகம் பிடிக்க நேரம் எடுக்கும்; கையால் பிடித்து விட்டால் தடுமாறும். ஜப்பானின் மட்சுஷிதா கம்பெனி தட்டை நேராக மோட்டார் மேலேயே உட்கார வைத்தது. அவர்களுடைய டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 வந்தது 1972-இல். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர்களுக்காகச் செய்தது, டி.ஜே.க்கள் கையில் போய்ச் சேர்ந்தது. 1979-இல் வந்த அடுத்த மாடலில், வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நழுவு பட்டன் வைத்தார்கள்.

அந்தப் பட்டன் எதற்கு? கணக்கு போடுவோம். ஒரு பாட்டில் நிமிடத்துக்கு 120 தட்டு, இன்னொன்றில் 122. இரண்டையும் சேர்ந்தாற்போல் விட்டால் 15 விநாடியில் அரைத் தட்டு விலகி, காதில் குதிரை ஓடுகிற மாதிரி இருக்கும். அதனால் டி.ஜே. ஒரு காதில் ஹெட்போனும் ஒரு காதில் கூட்டத்தின் ஸ்பீக்கருமாகக் கேட்டு, விரலால் வேகத்தைச் சரி செய்கிறார். இதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். இன்னொரு சிக்கல், ரிக்கார்டின் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். 6 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய ஒரு அரைஸ்வரம் மேலே போய்விடும்.

கம்ப்யூட்டர் இந்த இரண்டையும் தீர்த்தது. சுருதியை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் மாற்றும். 'சிங்க்' பட்டனை அமுக்கினால் இரண்டு பாட்டும் சேர்ந்துகொள்ளும். 2004-இல் வந்த செராட்டோ ஸ்க்ராட்ச் லைவ் போன்றவை ரிக்கார்டையும் விடவில்லை. அந்த ரிக்கார்டில் பாட்டு இருக்காது, ஒரு குறிப்பு ஒலிதான் இருக்கும். முள் அதைப் படிக்க, தட்டு எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, தன்னிடம் உள்ள பாட்டை அப்படியே ஓட்டும். கைக்கு ரிக்கார்டு, காதுக்குக் கம்ப்யூட்டர்!

"கம்ப்யூட்டரில் தாமதம் வருமே, கைக்கு ஒட்டாதே" என்பார்கள் பழைய ஆட்கள். 5 மில்லி செகண்ட் தாமதம் என்றால், ஸ்பீக்கரிலிருந்து 1.7 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம், அவ்வளவுதான். அந்தச் சண்டை முடிந்துவிட்டது என்றே சொல்வேன். இன்னொன்றும் உண்டு. இரண்டு டர்ன்டேபிள் வாங்கிப் பழக எங்கள் குப்பத்துப் பையன் எங்கே போவான்? பழைய லேப்டாப் ஒன்று கிடைத்தால் அவனும் டி.ஜே. அந்தக் கதவைத் திறந்தது கம்ப்யூட்டர். அதை இளக்காரமாகப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் பட்டன் எங்கே தோற்கிறது தெரியுமா? நம் பாட்டில்தான். இந்த மென்பொருள்கள் பாட்டு நாலு நாலு தட்டாக, கடிகாரம் மாதிரி ஒரே வேகத்தில் போகும் என்று எடுத்துக்கொள்கின்றன. டிஸ்கோவுக்கு அது சரி. நம்ம ஊர் டப்பாங்குத்து ஆறு ஆறாக, திஸ்ர நடையில் ஓடுகிறது. அதைக் கேட்டுவிட்டு மென்பொருள் வேகத்தை ஒன்றரை மடங்காகச் சொல்லும், இல்லையென்றால் மூன்றில் இரண்டு பங்காகச் சொல்லும். பழைய சினிமாப் பாட்டோ ஆட்கள் கூடி உட்கார்ந்து வாசித்தது. சரணத்தில் கொஞ்சம் இழையும், பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் ஓடும். கோடு போட்டு அளக்கிற பட்டன் அங்கே வழுக்கிவிடும். திருவிழாக் கூட்டத்தில் ஆடுகிறவன் கால் நின்றுவிடும்.

அந்த நேரத்தில் யார் காப்பாற்றுவது? காது பழகியவன்தான். திரையில் எழுதியிருப்பது தப்பு என்று அவனுக்குத் தெரியும், கையால் சரி செய்வான். பட்டனை மட்டும் பழகியவனுக்குத் தப்பு நடந்ததே தெரியாது. எங்கள் ஊர் மீனவர்கள் ஜி.பி.எஸ். வைத்திருக்கிறார்கள். அதற்காகக் காற்றையும் நீரோட்டத்தையும் பார்க்காமல் படகைத் தள்ளுவதில்லை.

2015-இல் எங்கள் குப்பத்தில், பாடகர் டி.எம்.கிருஷ்ணா, எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமன் போன்றோரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஊரூர் ஒல்காட் குப்பம் விழாவைத் தொடங்கினார்கள். சபாவில் மட்டும் கேட்ட இசை மீனவர் ஊருக்கு வந்தது. எந்தத் தாளம் உசத்தி, எது மட்டம் என்கிற கேள்வியை அந்த விழா எழுப்பியது. மென்பொருளுக்குள்ளும் அதே கேள்வி ஒளிந்திருக்கிறது. நாலு தட்டுதான் இயல்பு, மற்றதெல்லாம் விதிவிலக்கு என்று எங்கேயோ ஓர் அறையில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்த அறையில் பறை கேட்டு வளர்ந்தவர் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, எந்தக் கருவியானாலும் சிங்க் பட்டனை அணைத்துவிட்டு முதலில் கையால் பழகுங்கள். கால்குலேட்டர் சொன்னது சரியா என்று பார்க்க மனக்கணக்கு வேண்டும். இரண்டு, இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறவர்கள் எங்கள் குப்பத்துக்கு வாருங்கள். மைக்செட் அண்ணன்களோடு உட்காருங்கள். திஸ்ர நடையைத் தப்பில்லாமல் எண்ணுகிற ஒரு நிரலை எழுதிக் கொடுங்கள். சோதித்துப் பார்க்க ஆடித் திருவிழா இருக்கிறது. சரியாக இருந்தால் ஜனங்கள் ஆடுவார்கள், தப்பாக இருந்தால் நின்றுவிடுவார்கள். இதைவிடக் கறாரான தேர்வாளர் இந்தக் கல்லூரியிலும் கிடையாது!