வான்தூரமும் வழித்தூரமும்

தூரம் வேறு, பயண நேரம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நானுஓயாவுக்கும் கொழும்புக் கோட்டைக்கும் இடையே வான்வழியாக நேர்கோடு வரைந்தால், அஃது ஏறத்தாழ 100 கிலோமீற்றர். 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை வந்தடைந்த புகைவண்டிப் பாதையோ, மலைகளைச் சுற்றிவருவதால் 200 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. அதனைக் கடக்க 6 மணி நேரமளவு செல்கின்றது.

மலையைச் சுற்ற வேண்டாத விமானத்தின் கணக்கு யாது? நாட்டின் வடகோடியிலுள்ள பலாலி விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து நேர்கோட்டில் கட்டுநாயக்கா ஏறத்தாழ 290 கிலோமீற்றர். நம் நானுஓயா 320ஐத் தாண்டும். கடலுக்கு அப்பாலுள்ள திருச்சிராப்பள்ளியோ சுமார் 185 கிலோமீற்றரே. பலாலிக்குக் கட்டுநாயக்காவினும் திருச்சியே அண்மையது!

மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் சிறு விமானம் இத்தூரத்தை 22 நிமிடத்தில் கடக்க வேண்டும். ஆயினும் கால அட்டவணை ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்குகின்றது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லவும், மேலெழவும், வேகத்தைத் தணித்து இறங்கவும் நேரம் வேண்டும் அன்றோ? பயணம் குறுகக் குறுக, இவற்றின் பங்கு பெரிதாகின்றது.

இவை இயந்திரத்தின் தாமதங்கள். மனிதரால் நேரும் தாமதம் இவற்றினும் பெரிது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகவே சென்னை சென்றது. பின்னர் அவ்வழி பல்லாண்டு அடைபட்டுக் கிடந்தது. 2019 நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கி, 2020இல் பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2025 மார்ச்சில் திருச்சிக்கும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கடல் ஒரு முழமேனும் அகன்றதில்லை. எனினும் வடபுலத்தார் திருச்சி செல்ல, முதலில் தெற்கே கட்டுநாயக்காவுக்கு வரவேண்டியிருந்தது.

மலையகத்தாராகிய நாம் இதனை நன்கறிவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து புறப்பட்ட நம் முன்னோர், தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின், அவர்தம் வழித்தோன்றல்கள் ஒப்பாரிக் கோச்சியேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தனர். அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. அவருட் சிலருக்கு அந்தக் குறுகிய கடல் ஆயுள் முழுவதும் கடக்க முடியாத தூரமாயிற்று.

ஆதலால், பிள்ளைகளுக்குத் தேசப்படத்தில் நூலை வைத்துத் தூரம் அளக்கக் கற்பிக்கும்போது, அவ்வழியே இன்று யார் போகலாம், எத்தனை நேரத்தில் போகலாம், என்ன செலவில் போகலாம் என்பவற்றையும் கேட்கக் கற்பிப்போம். தூரத்தை வகுத்தது இயற்கை. நேரத்தை வகுப்போர் மனிதர். ஆகவே அதனைக் குறைப்பதும் மனிதர்க்கு இயலும்.