கருப்பாகப் போனால் காத்திருக்காதீர்கள்

(நம் குடியிருப்பு மூத்தோர் கூட்டத்தில் பேசியது)

வங்கியில் கணக்கு எழுதியவன் நான், டாக்டர் இல்லை. பட்டதைச் சொல்கிறேன்.

போன வருடம் முட்டிவலிக்கு மருந்துக்கடையில் நானே மாத்திரை வாங்கி, மூன்று வாரம் வெறும் வயிற்றில் விழுங்கினேன். ஒருநாள் மலம் தார் போலக் கருப்பாக, பிசுபிசுவென்று, கெட்ட நாற்றத்தோடு போனது. சூடு என்று மோர் குடித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் சலைனும் ரத்தமும் ஏற்றினார்கள். பிறகு வாய்வழியாக எண்டோஸ்கோப்பி. சிறுகுடல் தொடக்கத்தில் புண், அதிலிருந்து ரத்தக்கசிவு. அந்தக் குழாய் வழியாகவே அட்ரினலின் ஊசி போட்டு, ரத்தக்குழாயைச் சிறு கிளிப்பால் கவ்விவிட்டார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. கல்லீரல் கெட்டு, உணவுக்குழாய் ரத்தநாளம் வீங்கி வெடித்தவர்களுக்கு ரப்பர் வளையம் மாட்டுவார்கள்.

புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் காரணமாகலாம்; பரிசோதித்து மருந்தால் ஒழிக்கலாம். அதைக் கண்டறிந்த மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மலம் தார் போலக் கருத்தாலோ, காபித்தூள் போல வாந்தி வந்தாலோ, நடு இரவானாலும் கிளம்புங்கள். 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்துகொள்வது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையாலும் கருக்கும். எது என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். வலி மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். இதயத்துக்குத் தந்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கணக்கு டேலி ஆகாவிட்டால் அன்றே தேடுவோம். உடம்புக்கு மட்டும் நான் இரண்டு நாள் தவணை கொடுத்தேன். நீங்கள் கொடுக்காதீர்கள்.