சாரிதாயும் மூன்று கோட்டைகளும்



மங்கோலியர் என்றதும் செங்கிஸ்கானும் அவருடைய குதிரைப்படையும்தான் நம் நினைவுக்கு வரும். குதிரை எத்தனை வேகமாக ஓடினாலும் மதில் ஏறாது அல்லவா? மதிலை உடைக்கும் கலையை அவர்கள் சீன நாட்டுக் கைவினைஞர்களிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். அந்தக் கலையில் கைதேர்ந்த படையுடன் கொரிய நாட்டின்மீது பாய்ந்த சாரிதாய் என்ற தளபதியைப் பற்றியும், அவரை எதிர்த்து நின்றவர்களைப் பற்றியும் இன்று நாம் அறிந்துகொள்வோம்.

கொரியாவுக்கு அந்நாளில் கோர்யோ என்று பெயர். 1225-ஆம் ஆண்டில் அங்கு வந்து திரும்பிய மங்கோலியத் தூதர் ஒருவர் வழியில் கொல்லப்பட்டார். செங்கிஸ்கானின் மகன் ஒகோதாய் அதையே காரணம் காட்டி, 1231-ல் சாரிதாயைப் படையுடன் அனுப்பினார். யாலு ஆற்றைக் கடந்த படை எல்லை ஊர்களை விழுங்கிக்கொண்டே வந்தது. குஜூ என்ற கோட்டைக்கு முன்னால் வந்து நின்றது. இன்று வட கொரியாவில் குசோங் என்று வழங்கும் ஊர் அது.

குஜூவின் தலைமை பாக் சோ என்பவரிடம் இருந்தது. சுற்றுப்புறங்களிலிருந்து ஓடிவந்த படையினரும் அங்கே ஒதுங்கியிருந்தார்கள். அவர்களோடு வந்த கிம் கியோங்சொன் என்ற தளபதி, தென்வாயிலில் மங்கோலியரைக் கண்டதும் வெளியே சென்று போரிட வீரர்களை அழைத்தார். ஒருவரும் எழவில்லை, தரையோடு தரையாகக் குனிந்து கிடந்தார்கள். அவர்களை உள்ளே அனுப்பிவிட்டுப் பன்னிரண்டே பேருடன் அவர் வெளியே போனார். கையில் அம்பு தைத்து இரத்தம் ஒழுகியபோதும் முரசு அடிப்பதை நிறுத்தவில்லை. அன்று மங்கோலியர் பின்வாங்கினார்கள். திரும்பி வந்தவரைப் பாக் சோ வணங்கிக் கண்ணீர் விட்டார் என்று கொரிய வரலாறு கூறுகிறது.

அதன் பிறகுதான் உண்மையான முற்றுகை தொடங்கியது. மங்கோலியர் வண்டிகளை மாட்டுத்தோலால் மூடி, உள்ளே ஆட்களை ஒளித்து மதிலின் அடிக்குத் தள்ளிவந்தார்கள். தோலுக்கு அடியில் இருந்தவர்கள் மதிலுக்குக் கீழே சுரங்கம் தோண்டினார்கள். பாக் சோ மதிலில் துளையிட்டு, உருக்கிய இரும்புக் குழம்பை ஊற்றச் செய்தார். வண்டிகள் எரிந்தன. நிலமும் இடிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் புதையுண்டார்கள். கல் எறியும் பெரும் பொறிகள் பதினைந்தைக் கொண்டுவந்து தென்புறத்தைத் தாக்கியபோது, கோட்டைக்காரர்களும் மேடை கட்டித் தங்கள் பொறிகளால் கல் எறிந்தார்கள்.

அடுத்து வந்தது நெருப்பு. விறகில் மனிதக் கொழுப்பை ஊற வைத்துக் கொளுத்தினார்களாம். சொல்லவே கூசுகிறது, ஆயினும் அக்காலப் போரின் கொடுமையை மறைப்பானேன்? அதன்மேல் தண்ணீர் ஊற்ற ஊற்ற நெருப்பு மேலும் சீறியது. அடுப்பில் காயும் எண்ணெய் தீப்பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது நம் தாய்மார்களுக்குத் தெரிந்ததே. பாக் சோவுக்கும் விரைவில் தெரிந்துவிட்டது. சேற்றைக் குழைத்து வாரி எறியச் சொன்னார். சேறு காற்றுப் புகாமல் மூடியதும் தீ அடங்கியது.

முப்பது நாள் இவ்வாறு நடந்த பின்னும் மங்கோலியர் விட்டபாடில்லை. மீண்டும் மீண்டும் வந்தார்கள். ஒருநாள் கிம் கியோங்சொன் நாற்காலியில் அமர்ந்து கட்டளை இட்டுக்கொண்டிருந்தபோது, அவர் தலைக்கு மேலே பறந்த கல் பின்னால் நின்ற காவலரைச் சிதைத்தது. இடம் மாறும்படி உடனிருந்தவர்கள் வேண்டினார்கள். தாம் அசைந்தால் வீரர்களின் நெஞ்சும் அசையும் என்று அவர் மறுத்துவிட்டார்.

எழுபதை நெருங்கிய மங்கோலியத் தளபதி ஒருவர் மதிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சிறுவயது முதல் தாம் படையில் இருந்தும், இத்தனை அடி வாங்கியும் பணியாத கோட்டையைக் கண்டதில்லை என்று வியந்தாராம். எழுதி வைத்தவர்கள் கொரியர்கள். ஆகவே சற்றுப் பெருமை கலந்திருக்கக்கூடும். ஆனால் கோட்டை விழவில்லை என்பது உண்மை. 1232-ன் தொடக்கத்தில் அரசவையே சமாதானம் செய்துகொண்டு, கதவைத் திறக்கும்படி ஆணை அனுப்பியது. பலமுறை மறுத்த பாக் சோ, ஆணையுடன் வந்த அதிகாரி தன் வாளாலேயே மாய்ந்துபோக முற்பட்ட பிறகுதான் இணங்கினார்.

அதே படையெடுப்பில் தெற்கே சுங்ஜூ என்ற ஊரில் நடந்தது வேறு கதை. அங்கே உயர்குடியினர் ஒரு படை. அடிமைகளும் எளிய வேலைக்காரர்களும் மற்றொரு படை. மங்கோலியர் வந்ததும் உயர்குடியினர் ஓடிவிட்டார்கள். அடிமைகள் நின்று போரிட்டுப் பகைவரை விரட்டினார்கள். ஓடியவர்கள் திரும்பி வந்து முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? வெள்ளிப் பாத்திரங்களை எண்ணினார்கள்! குறைந்தவற்றை மங்கோலியர் எடுத்துச் சென்றதாக அடிமைகள் சொல்லியும் நம்பாமல், அவர்களுடைய தலைவர்களைக் கொல்ல இரகசியமாகத் திட்டமிட்டார்கள். செய்தி கசிந்தது, அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மங்கோலியருக்கு அஞ்சி நடுங்கிய அரசாங்கம், தன் ஊரைக் காத்தவர்களை அடக்கப் படை அனுப்பியது.

1232-ல் கோர்யோ அரசவை கங்வா தீவுக்குக் குடிபெயர்ந்தது. கடல் குறுக்கே இருந்ததால் அரசர் தப்பினார். கரையில் இருந்த குடிமக்கள் தப்பவில்லை. சாரிதாய் மீண்டும் வந்தார். இன்றைய சியோலுக்குத் தெற்கே சோயின் என்ற இடத்தில் ஒரு சிறிய மண்கோட்டை. அந்த ஊரார் தாழ்ந்த நிலையினர் என்று ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களோடு ஒதுங்கியிருந்தவர் கிம் யுன்ஹூ என்ற பௌத்தத் துறவி. குஜூவைச் சுற்றி வளைத்த தளபதி, பெயர் தெரியாத இந்த மண்சுவரின் அருகே அம்பு பட்டு இறந்தார். படை திரும்பிப் போயிற்று.

அம்பு எய்தவர் துறவியே என்று கருதி அரசர் உயர்ந்த படைப்பதவி அளித்தார். சண்டை நேரத்தில் தம் கையில் வில்லே இல்லை என்று சொல்லி அவர் அதை ஏற்கவில்லை. சிறிய பதவி ஒன்றையே பெற்றுக்கொண்டார்.

இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 1253-ல், மங்கோலியர் மறுபடியும் சுங்ஜூவை வளைத்தபோது கோட்டைத் தலைவராக இருந்தவர் அதே கிம் யுன்ஹூ. முற்றுகை ஏறக்குறைய எழுபது நாள் நீடித்தது. தானியம் தீரும் நிலை. தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருந்தால் கூலி உண்டு என்பதை நாம் அறிவோம். அவர்கள் நாட்டில் அடிமைகளுக்கும் ஒரு பதிவேடு இருந்தது. அதில் பெயர் ஏறினால் பிள்ளைகளும் அடிமைகளே. கிம் யுன்ஹூ அந்த ஏட்டைக் கொண்டுவரச் செய்து, எல்லாரும் பார்க்கத் தீயில் இட்டார். உயிரைக் கொடுத்துப் போரிடுகிறவர்களுக்கு உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பாராமல் பதவி தரப்படும் என்றார். பகைவரிடம் கைப்பற்றிய மாடுகளையும் குதிரைகளையும் பங்கிட்டுக் கொடுத்தார்.

மங்கோலியர் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்கள். இம்முறை அரசவை வெள்ளிப் பாத்திரங்களை எண்ணவில்லை. போரிட்ட அடிமைகளுக்கும் அவரவர் தகுதிக்கேற்பப் பதவி வழங்கியது.